நெல்பேட்டை மாடி வீடு

அரசி,

நேற்று நீ அனுப்பிய மூன்று வீடுகளின் படங்களையும் பார்த்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்பா, இதுல எதப் பேசி முடிக்க? மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்பத்திரியில் உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ டாக்டரான நாளிலிருந்து உன்னிடம் போனில் ஒரு பேச்சையும் நான் முழுதாகப் பேசி முடித்ததில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நடுவில் கூப்பிட்டாலும் விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளலாம்.

மூன்றில் எது என்று சொல்வதற்கு முன்னால், நாம் மதுரையில் வீடு தேடிய கதையை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். அது உனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நீ பாதி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்தாய், வீட்டில் நடந்ததை நான்தான் பார்த்தேன். சென்னையில் இன்னும் மூன்று வருஷம் படிக்கப் போகிறாய். இருதய ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு படிப்பு உண்டு என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நீ நன்றாகப் படிப்பாய், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. போய் இறங்குகிற வீடு சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

மதுரையில் உனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது மகிழன் கைக்குழந்தை. ஹாஸ்டலில் குழந்தையோடு இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வர முடியும். அம்மாவுக்கு அங்கன்வாடி வேலையில் இன்னும் சில வருஷங்கள் பாக்கி இருந்தன. நான் மட்டும்தான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரையூரில் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "நீங்க வந்து புள்ளயப் பாத்துக்கிருவீங்களாப்பா?" என்று நீ தயங்கித் தயங்கிக் கேட்டாய். ஓடுகிற பஸ்ஸில் நூறு பேருக்குச் சில்லறை கொடுத்துப் பழகியவனுக்கு ஒரு கைக்குழந்தை என்ன பெரிய காரியமா என்று நினைத்துச் சரி என்றேன். ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. நூறு பேரையும் அதட்டி உட்கார வைக்கலாம். அவனை அதட்ட முடியாது.

முதல் வீட்டை நான்தான் பிடித்தேன். ஆற்றுக்கு வடக்கே ஓர் அமைதியான காலனி. வாசலில் பெரிய இரும்புக் கேட், சுற்றி உயரமான காம்பவுண்டு, வேப்பமரம், கார் நிறுத்த இடம். வீட்டுக்காரர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முன்பக்கம் அவர்கள் குடும்பம், பின்பக்கத்துப் போர்ஷன் நமக்கு. "ஒண்ணே ஒண்ணுதான் சார். பத்து மணிக்கு கேட்டப் பூட்டிருவோம். அப்புறம் காலைல அஞ்சு மணிக்குத்தான் தொறப்போம். இது குடும்பங்க இருக்கிற எடம்" என்றார். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்திருந்தது. கைக்குழந்தையும் வயதுப் பெண்ணும் இருக்கிற வீட்டுக்கு இதைவிட வேறென்ன காவல் வேண்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் சொன்னபோது ஏதோ சொல்ல வந்தாய். என் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

அந்த வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நீ வராததைத் தவிர. "இன்னைக்கும் டூட்டிப்பா, காலைல வாரேன்" என்று போன் செய்வாய். மேல்படிப்பு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். நீ எடுத்து வைத்துவிட்டுப் போன பாலை மகிழனுக்குக் கொடுப்பேன். அது தீர்ந்த பிறகு அவன் அழுவான். தோளில் போட்டுக்கொண்டு அந்த அமைதியான காலனியில் நடப்பேன். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கும். ஒரு முகத்தையும் பார்க்க முடியாது. ஒருநாள் மத்தியானம் குழந்தையையும் தூக்கிக்கொண்டு உனக்குச் சாப்பாடு எடுத்து வந்தேன். நீ ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தாய். உன்னோடு படித்த சோழவந்தான் பெண் வெளியே வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, மகிழனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், வேற வீடு பாருங்க அங்கிள். பத்து மணிக்கு மேல கேட்டத் தொறக்க மாட்டேங்கிறாங்கன்னு அரசி இங்கனயே பெஞ்சுல படுத்துக்கிருது. டூட்டி முடிஞ்சும் புள்ளயப் பாக்கப் போக முடியலன்னு அம்புட்டு அழுகுது."

உனக்கும் உன் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கேட்டைப் பூட்டி வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறோம் என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் போனேன். சண்டை போடுவதற்காகப் போகவில்லை. ஒரு சாவி கேட்டேன். "நான் சொல்லித்தான சார் விட்டேன்? நீங்களும் சரின்னீங்க. கண்ட நேரத்துல ஒரு பொண்ணு வந்து எறங்குனா தெருவுல என்ன பேசுவாங்க?" என்றார். "அவ நாலு பேரு உசிரக் காப்பாத்திட்டு வாராய்யா" என்றேன். "அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அரசி. அவருக்கு இரண்டு பேத்திகள். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று உண்மையாகவே நம்பினார். அதே நம்பிக்கையில்தான் நானும் அங்கே குடியேறினேன். அதனால் அவரை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தேடியதுதான் தேடல். மகிழனை நெஞ்சோடு சேர்த்துத் துண்டில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். அம்மா சனிக்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வாள். "பொண்ணோட வீட்டுக்காரர் கூட இல்லையா?" என்று கேட்காதவர்கள் இல்லை. டாக்டர் என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள், கணவர் ஓசூரில் என்றதும், நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்பார்கள். செல்லூரில் ஒரு போர்ஷன் நம் கைக்கு அடக்கமான வாடகைக்குக் கிடைத்தது. எனக்கு அதையே முடித்துவிட ஆசை. நீ வந்து பார்த்தாய். கழிவறை முற்றத்தைத் தாண்டி இருந்தது. படியெல்லாம் பாசி. "நான் இல்லாத நேரத்துல நீங்க புள்ளயத் தனியா விட்டுட்டு அம்புட்டுத் தூரம் போவீங்களா? இல்ல, தூக்கிட்டே போவீங்களா? வழுக்கி விழுந்தா யாருப்பா தூக்குவா?" என்று கேட்டாய். உனக்கு வீடு பார்ப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நெல்பேட்டை வீடு அமைந்தது என் பழைய வேலையால். யானைக்கல்லில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க பேரையூர் பஸ்ல இருந்த கண்டக்டர்தானே?" என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நாந்தாண்ணே அய்யூப். சந்தைக்குப் பாத்திர மூட்டை கொண்டு வருவேன்ல. ஒரு மூட்டைக்கும் நீங்க லக்கேஜ் டிக்கெட் போடாம விட்டதில்ல. எம்புட்டுக் கெஞ்சுனாலும் விட மாட்டீங்க" என்று சிரித்தார். மகிழனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க கடைக்கு மேல மாடி காலியாத்தான் இருக்கு. ஆனா சத்தமா இருக்குமேண்ணே. கீழ பாத்திரக் கடை, எதுத்தாப்புல இட்லிக் கடை, பக்கத்துல பள்ளிவாசல். டாக்டரம்மாவுக்குத் தூக்கம் வருமா?" என்று தயங்கினார்.

நீயும் நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். குறுகலான சந்து, செங்குத்தான படி, மேலே இரண்டு அறை. வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. கீழே சில்வர் குடங்களை இறக்குகிற சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு அரை மனசுதான். அய்யூப் பாயின் மனைவி ஜெய்த்தூன் அம்மா மேலே ஏறி வந்தார். வழக்கமான கேள்விகள் வரும் என்று நான் தயாராக நின்றேன். அவர் மகிழனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டூட்டிக்குப் போனா புள்ளைக்குப் பாலு எப்படிக் கண்ணு?" நீ ஒன்று விடாமல் சொன்னாய். எந்நேரம் வந்தாலும் கதவைத் திறந்துகொள்ளலாமா என்று நான் குறுக்கே கேட்டேன். "இதென்னண்ணே கேள்வி? அது வீடுண்ணே. வரத்தான செய்வாங்க" என்றார். படி இறங்கும்போது "இதுதான்ப்பா" என்றாய். அம்மா, "சத்தம் இருக்கேடி" என்றாள். "ஆளுக இருக்காங்கம்மா" என்றாய்.

நீ சொன்னதன் அர்த்தம் குடியேறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. இட்லிக் கடை மூடுவதற்கும் பள்ளிவாசலில் முதல் பாங்கு சொல்வதற்கும் நடுவில் அந்தச் சந்து தூங்குகிற நேரம் கொஞ்சம்தான். எப்போது டூட்டி முடிந்தாலும் ஆற்றின் மேல் ஏ.வி. பாலத்தைத் தாண்டி ஆட்டோவில் வந்து சந்து முனையில் இறங்குவாய். "டாக்டரம்மா, இப்பத்தான் முடிஞ்சுச்சா?" என்று யாராவது கேட்பார்கள். காலனியில் தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தார்கள். இங்கே தெருவுக்கே உன் டூட்டி தெரியும். சில்வர் குடம் உருள்கிற சத்தத்தில் மகிழன் எப்படித் தூங்கினான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை கடை அடைத்திருந்தால்தான் அழுவான்.

அந்த மத்தியானத்தைப் பற்றி நாம் இருவரும் அதிகம் பேசியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். காலையிலேயே அவனுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. மருந்து கொடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு நீ கிளம்பினாய். மத்தியானம் அடுப்பில் உலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை விறைத்துக்கொண்டு கிடக்கிறான். கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஜெய்த்தூன் அம்மா செருப்புக்கூட இல்லாமல் படியேறி ஓடி வந்தார். "பயப்படாதீங்கண்ணே, காய்ச்சல்ல வர்றதுதான், எம்மவனுக்கும் வந்திருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்ணும் குடுத்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவனைத் தூக்கிவிட்டார். நான் பின்னால் இறங்கினேன். சந்து முழுக்க அடைத்துக்கொண்டு பாத்திர லோடு வண்டி நின்றது. அய்யூப் பாய் மேலே இருந்து கேட்ட சத்தத்திலேயே முனைக்கு ஓடி ஆட்டோவைப் பிடித்து நிறுத்தியிருந்தார். லோடு இறக்கியவர்கள் கையிலிருந்த மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளி வழிவிட்டார்கள். குடங்கள் உருண்டு ஓடின. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தில் ஏறும்போதே இழுப்பு நின்று, அவன் வீறிட்டு அழுதான். அழுகையைக் கேட்டு ஜெய்த்தூன் அம்மா "அல்லா" என்று மட்டும் சொல்லி அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். உனக்குச் சொல்லி அனுப்பினோம். நீ வரவில்லை. யாரோ ஒருவருக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, மயக்க மருந்து உன் கையில் இருக்கிறது, உன் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கும்வரை நீ நகர முடியாது என்று சோழவந்தான் பெண் வந்து சொன்னாள். கடைசியில் தலையில் கட்டிய பச்சைத் துணியோடு நீ வந்தாய். அவன் கண்ணை விலக்கிப் பார்த்தாய், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாய். "எம்புட்டு நேரம்ப்பா இழுத்துச்சு?" என்று ஒரு டாக்டராகத்தான் கேட்டாய். நான் சொன்னேன். கேட்டுவிட்டு வார்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். திறந்து போட்டது திறந்தபடி விட்டுவிட்டுப் போன வீடு. யாரோ அடுப்பை அணைத்து, உலையை இறக்கி வைத்து, கதவைச் சாத்தியிருந்தார்கள். யாரென்று கேட்டதற்குச் சந்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "போதும்ப்பா. நான் படிச்சது போதும். ஊருக்குப் போயிரலாம். அங்க சின்னதா ஒரு கிளினிக் வச்சுப் பொழச்சுக்கிறேன்" என்றாய். எனக்கும் அதே ஆசைதான் வந்தது, அரசி. அன்று மத்தியானம் நான் பட்ட பயத்தை இன்னொரு தடவை பட முடியாது என்று தோன்றியது. சரி, கிளம்புவோம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஞ்சி கொண்டு வந்த ஜெய்த்தூன் அம்மாதான் முந்திக்கொண்டார். "ஊருக்குப் போனா புள்ளைக்குக் காச்ச வராதா கண்ணு? அங்க வந்தா யாரு தூக்கிட்டு ஓடுவா? இங்க நாங்க இருக்கோம்ல" என்றார். "நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்?" என்று நான் கேட்டேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எட்டு மணிக்குப்பா" என்றாய். காலையில் நான் வெந்நீர் போட்டேன். நீ குளித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனாய். படிப்பு முடிகிற வரைக்கும் அப்படியே போய்க்கொண்டிருந்தாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ அனுப்பிய முதல் படம், ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பதினாலு மாடிக் கட்டடம், வேண்டாம். நீச்சல் குளம் அழகாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குக்கூடப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் நின்று வேலை பார்த்துவிட்டு, கண் சொக்க அத்தனை தூரம் நீ வண்டி ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வாடகையில் மிச்சம் பிடிப்பதைச் சாலையில் தொலைக்கக் கூடாது. இரண்டாவது வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம்தான், ஆனால் வீட்டுக்காரர்கள் மேலே பூட்டிவிட்டு அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார்கள் என்கிறாய். கீழே நீ, மேலே பூட்டு, இரண்டு பக்கமும் அலுவலகங்கள். சென்னைக்கு மாற்றலாகி வருகிற மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு மகிழனைப் பார்த்துக்கொள்கிற பெண்ணும் அவனும் மட்டும்தான் அங்கே இருப்பார்கள். ஏதாவது ஒன்று என்றால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? மூன்றாவது, மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற அந்தப் பழைய வீடு. சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, சமையலறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் ரோடு என்று நீயே குறை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாய். எனக்குப் பிடித்திருப்பது அதுதான். ஆனால் என் பேச்சை மட்டும் கேட்டு முடிக்காதே. இரும்புக் கேட்டைப் பார்த்து மயங்கியவன் நான். ஒரு வேலை நாளில், நல்ல மத்தியானத்தில் போய் அங்கே சும்மா நின்று பார். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் உன்னைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள், ஆட்டோ வாசல்வரை வருகிறதா என்று பார். எதிரே இஸ்திரி வண்டிக்காரர் இருந்தால் அவரிடம் இரண்டு வார்த்தை பேசு. மாடிப்படிக்குக் கைப்பிடி கேள், மகிழன் இப்போது ஓடுகிற வயசு.

அடுத்து நான் சொல்லப்போவதற்குக் கோபப்படாதே. குழந்தை என்னிடமே ஒட்டிக்கொண்டிருக்கிறான், நானும் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நான் வரவில்லை. உடம்புக்கு முடியாமல் சொல்லவில்லை, தெம்பாகத்தான் இருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் சென்னைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் பெட்டியும் கையுமாக ஓசூருக்கும் மதுரைக்கும் அலைந்த மனிதர் அவர். பிள்ளைக்குத் தலை துவட்டிவிடவும் சோறு ஊட்டவும் அவருக்கும் இடம் வேண்டும். நான் வந்து நின்றால் அந்த வேலையெல்லாம் என் கைக்கு வந்துவிடும். அவருக்குத் தெரியாததை அவர் கற்றுக்கொள்வார். எனக்கு மட்டும் முதல் நாளே இடுப்புத் துணி கட்டத் தெரிந்திருந்ததா என்ன?

இன்னொன்று. காலனி வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதினபோது குடியிருப்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டார்கள். நெல்பேட்டை வீட்டுக்கும் என் பெயரைத்தான் போட்டோம். வாடகை போனது உன் சம்பளத்தில். வீட்டுக்காரர்கள் பேசியதும் என்னிடம், கேட்டதும் என்னிடம், நீ பக்கத்தில் நின்றாய். அது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. அப்போது நமக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை தேவைப்பட்டது. இந்தத் தடவை அப்படி வேண்டாம். நீயே போய்ப் பேசு. டூட்டி நேரத்தை ஒளிக்காமல் முதல் வார்த்தையிலேயே சொல். உங்கள் கணவர் வரட்டும், அவரிடம் பேசிக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், குடியிருக்கப் போவது நான்தான், என்னிடம் பேசுங்கள் என்று சொல். சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். ஒப்பந்தத்தில் உன் பெயரைப் போடச் சொல், கையெழுத்தை நீ போடு.

பால் காய்ச்சுகிற நாளைச் சொல்லு. இங்கே எங்களோடு இருக்கிற மகிழனைக் கூட்டிக்கொண்டு அம்மாவும் நானும் வருகிறோம். நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம். எனக்குச் சமையலறையில் ஒரு வேலையும் கொடுக்காதே. நீ காப்பி போட்டுக் கொண்டு வந்து கொடுக்க, உன் வீட்டில் நான் ஒரு விருந்தாளியாக உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

அப்பா